114-ஆம் எண் மாதுளை

லாங்கந்தாலில், ரயில் பாதையை ஒட்டி,
ஊரார் மரங்களுக்கு நாங்கள் குளிர்கால வாடகை வாங்குகிறோம்.
அக்டோபரில் தொட்டியோடு வந்து இறங்கும்
எலுமிச்சை, அரளி, ஆலிவ்,
பல்மருத்துவர் ஒருவரின் சோம்பேறி வாழை.
கழுத்தில் எண், உரிமையாளர் பெயர்,
கண்ணாடிக்குள் எட்டு டிகிரி.

நூற்றுப் பதினான்கு மாதுளை.
தூனிலிருந்து திருமதி ஈசெலி அனுப்பியது.
இலையெல்லாம் கொட்டிவிட்டு, கட்டிவைத்த குச்சியாய்
நான்கு மாதம் வாய் திறக்கவில்லை.
ஏப்ரல் வெயில் கூரையில் ஏறியதும்
செப்பு நிறத்தில் துளிர்த்தது.
மறுவாரமே இலையில் பிசுபிசுப்பு,
அதன்மேல் அடுப்புக்கரி தடவினாற்போல் பூசணம்,
தண்டில் மேலும் கீழுமாக எறும்பு.

எறும்பு போகிற இடத்துக்குப் போனால் போதும்,
துப்பறியும் வேலை அவ்வளவுதான்.
கவட்டில், பட்டை வெடிப்பில், மொட்டின் காம்படியில்
புட்டுக்கு நனைத்த மாவு சிந்தியதுபோல்
வெள்ளை.
லென்ஸ் வைத்தேன்.
உடலோரம் முழுக்கக் குட்டைக் குட்டையாய் மெழுகு மயிர்,
வாய் மரத்துக்குள்.
நசுக்கினால் ஆரஞ்சு நீர்.
மாவுப்பூச்சி, சந்தேகமேயில்லை.

சந்தேகமேயில்லை என்று சொன்ன இடத்தில்
கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்.

மகளின் வண்ணப்பெட்டியிலிருந்து ஆறாம் எண் தூரிகை,
ஒரு மூடி ஸ்பிரிட்.
தொட்டதும் வெள்ளை கரையும்,
உள்ளே இருப்பது பழுப்பாகி நிற்கும்.
சில மட்டும் பெரியவை,
கலைந்த பஞ்சுபோல் நீள மயிரோடு.
இவைதான் தாய்கள் என்று முடிவு கட்டினேன்.
அவற்றுக்கு இரண்டு சொட்டு.
ஓடப் பார்த்தன. விடவில்லை.
பத்தொன்பது.
எண்ணிவைத்தது பெருமைக்காக.

பியா வந்து குனிந்தாள்.
"திங்கட்கிழமை விட்டேனே, எங்கே?"

திங்கட்கிழமை நான் பெர்னில்.
அனுமதி அட்டை புதுப்பிக்கும் அறையில்,
சோப்பும் ஸ்பிரிட்டும் தேய்த்த விரல்
ரேகை விழாமல்,
நாலாம் முறையாகத் துடைத்துத் துடைத்து
கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய வெள்ளைகள்
பொறிவண்டுக் குஞ்சுகள்.
தவிட்டோடு குப்பியில் அடைத்து அஞ்சலில் வந்தவை.
மாவுப்பூச்சியைத் தின்னப் பிறந்தவை,
மாவுப்பூச்சி மாதிரியே உடுத்தவை.
காவல் எறும்பு தடுத்துவிடாமலிருக்க
மெழுகில் நெய்துகொண்ட வேஷம்.
எறும்பு ஏமாந்தது.
நானும் ஏமாந்தேன்.
எறும்பு அவற்றை உயிரோடு விட்டது.

பியா திட்டவில்லை.
பிராங்கும் சில்லறையும் மட்டும் சத்தமாகக் கூட்டினாள்.
பிறகு தூரிகையைத் திருப்பிப் பிடித்து
காம்பு நுனியால் ஒன்றைத் தொட்டாள்.
அசையவில்லை. "அது அவர்கள்."
இன்னொன்றைத் தொட்டாள்,
விறுவிறுவென்று இலைக்கு அடியில் போய்விட்டது.
"நம்ம ஆள் ஓடுவான்."

மீதி பதினொன்று இருந்தன.
ஸ்பிரிட்டை மூடி மேல்தட்டில் வைத்தேன்.
மிக மோசமான கிளையை வெட்டி
இரண்டு பையில் கட்டினேன்.
தண்டைச் சுற்றிப் பசைப்பட்டை:
எறும்புகள் அதன் விளிம்புவரை வந்து
மீசையால் தடவிவிட்டுத் திரும்பின.
தினமும் சாயங்காலம், பஸ்ஸுக்கு முன்,
பதினொன்றும் இருக்கிறதா என்று பார்ப்பேன்.
ஒன்பது. பத்து. மறுபடி ஒன்பது.
மூன்றாம் வாரம் எதுவும் இல்லை.
பயந்துபோய் இலை புரட்டினால்
ஆரஞ்சுத் தலையோடு
மிளகளவு கறுப்பு வண்டு ஒன்று,
கிழிந்த முட்டைப் பஞ்சின்மேல் நடந்துகொண்டிருந்தது.

மே இரண்டாம் சனி திருமதி ஈசெலி வண்டியோடு வந்தாள்.
மொட்டுகள் விரலைப்போல் தடித்துச் சிவந்திருந்தன.
"பூச்சி இருந்ததா?"
"இருந்தது."
பில்லில் நான் அந்த ஒன்றரை மணி நேரத்தை எழுதவில்லை.

அவள் குனிந்தாள்.
காம்படியில் வெள்ளையாய் ஒன்று.
முகம் சுளித்துக் கட்டைவிரல் நகத்தை நீட்டினாள்.
"பொறுங்கள்" என்றேன்,
தமிழில்தான் வந்தது. கை நின்றுவிட்டது.

தூரிகைக் காம்பால் தொட்டேன்.
காத்திருந்தோம், அவளும் நானும்.
ஓடு என்றேன் மனசுக்குள்.
இன்னொரு தரம் தொட்டேன்.

அசையவில்லை.
நானே நசுக்கினேன்.
விரலில் ஆரஞ்சு நீர்.